தனியாக வராத ஜெபம்

"ஊருக்கெல்லாம் ஜெபிக்கேன் சிஸ்டர். எனக்குன்னு உட்கார்ந்தா ஒரு வார்த்தை வரமாட்டேங்கு."

இதைச் சொல்லிவிட்டுச் சத்தியதாஸ் கதவைத் திரும்பிப் பார்த்தார். யார் காதிலாவது விழுந்து தொலைத்தால் மானம் போகும்.

பின்னே? அந்தச் சபையில் ஜெபம் என்றால் சத்தியதாஸ்தான். பால் காய்ச்சுகிற வீடானாலும் சரி, பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீடானாலும் சரி, போதகர் வரத் தாமதமானால் "அண்ணாச்சி, நீங்க ஆரம்பிங்க" என்பார்கள். கண்ணை மூடினால் போதும், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டும். போதகர் வந்து சேர்ந்த பிறகும் நிற்காமல் கொட்டியதுண்டு.

எதிரே உட்கார்ந்திருந்த எப்சிபா அவரைவிட வயதில் நன்றாக இளையவள். கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் உட்கார்ந்து, மனம் நொந்து வருகிறவர்கள் சொல்வதைக் கேட்பது அவள் ஊழியம். அவளிடம் போங்கள் என்று போதகர்தான் சொன்னார். சத்தியதாஸுக்கு அதில் மனத்தாங்கல். ஊருக்கே ஆறுதல் சொல்கிறவன், ஆறுதல் கேட்டு இன்னொருத்தர் வாசலில் போய் நிற்பதா?

நிற்கத்தான் வேண்டியிருந்தது. மனைவி ரூபாவதி புற்றுநோயில் தவறியதிலிருந்து இப்படி. கூட்டத்தில் வார்த்தை வருகிறது. வீட்டில் முழங்கால் போட்டால் வாய் மரத்துப்போகிறது. ஆண்டவர் தன்னை விட்டுப் போய்விட்டாரோ என்று அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

அதையும் சொன்னார். எப்சிபா முழுசாகக் கேட்டாள்.

ஒரு வசனம் தருவாள், இல்லை உபவாசம் இருக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

"இப்ப ஒரு ஜெபம் பண்ணுங்க அண்ணாச்சி."

இது என்ன கூத்து என்று இருந்தது. இருந்தாலும் கண்ணை மூடினார்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம். கடந்த நாட்களெல்லாம் கண்மணியைப் போல எங்களைக் காத்து..."

வழக்கம்போல வந்தது. குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறியது, தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுத்தது. முடித்துக் கண்ணைத் திறந்தால், எதிரே நாற்காலி காலி.

பின்பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எப்சிபா இரண்டு தம்ளர் டீயோடு வந்தாள்.

"நான் ஜெபத்துல இருக்கேன். நீங்க எழும்பிப் போயிட்டீங்க."

"என்கிட்டயா பேசினீங்க?"

"ஆண்டவர்கிட்ட."

"அப்போ நான் இருந்தா என்ன, போனா என்ன அண்ணாச்சி?"

இவளுக்குத்தான் ஏதோ கோளாறா, இல்லை தன் ஜெபத்தில் ஏதும் குறையா? சத்தியதாஸ் யோசித்தார். பாவ அறிக்கையை விட்டுவிட்டோம், அதுதான் என்று முடிவு செய்தார். அவள் கேட்காமலே திரும்பவும் கண்ணை மூடினார்.

இந்த முறை அறிக்கையில் ஆரம்பித்தார். அக்கிரமம், மீறுதல், அறிந்தும் அறியாமலும் செய்தவை என்று ஒன்றையும் விடாமல் வரிசையாகப் போனார். எப்சிபா எழுந்து போகவில்லை. டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சீனி போதுமா அண்ணாச்சி?"

ஜெபத்துக்கு நடுவே! அந்தச் சபையில் கைக்குழந்தைகூட ஜெப நேரத்தில் வாயைத் திறக்காது. சத்தியதாஸுக்குக் காது மடல் சுட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நொந்துபோய் வந்தவனை இப்படியா நடத்துவது, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார்.

"ரூபாவதி அக்கா கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாங்க?"

கதவுவரை போனவர் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பேசல."

எப்சிபா தன் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"பேச வந்தா. ஆஸ்பத்திரியில வச்சு, 'நான் போனா எனக்கு அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிவிடுங்க'ன்னா. நான் விடல. அவிசுவாசமாப் பேசாத, நீ எழும்பி நடப்பேன்னு சொல்லி அவ தலையில கையை வச்சு ஜெபம் பண்ணினேன். மறுநாளும் ஏதோ ஆரம்பிச்சா. உடனே ஜெபம் பண்ணினேன். அதுக்கப்புறம் அவ ஆரம்பிக்கவே இல்ல. நான் முடிச்சதும் ஆமென் மட்டும் சொல்லுவா. அவளுக்குத் தெரியும், போகப் போறோம்னு. இல்லேன்னா எனக்கு வருத்தமாயிருக்கும்னுதான் அந்த ஆமெனையும் சொன்னா."

துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை.

அவர் இப்போது எப்சிபாவைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்தார். வந்ததிலிருந்து பேசிய குரல் இல்லை இது. கரகரவென்று, சண்டைக்கு நிற்கிறவன் குரல்.

"அவ என்ன சொல்ல வந்தான்னு எனக்கு இனிமே எப்படித் தெரியும்? நான்தான் மடையன். நீங்க ஏன் சும்மா இருந்தீங்க? நான் என்னமோ பெரிய விசுவாசி மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு இருந்தேனே, அப்ப என் வாயை அடைச்சிருக்கலாம்ல? ஒரு அஞ்சு நிமிஷம் அவளைப் பேச விட்டிருக்கலாம்ல? உங்க மேல எனக்குக் கோவம் ஆண்டவரே. தீரல. எவ்வளவு நாளாச்சு, தீரவே இல்ல."

அழுகைதான் வந்தது. மனைவியை அடக்கம் செய்த அன்று கல்லாக நின்ற மனுஷன், ஏங்கி ஏங்கி அழுதார்.

அழுகை ஓய்ந்ததும் வெட்கமாகிவிட்டது. என்ன பேசினோம், யாரைப் பேசினோம்! இனி எந்த முகத்தோடு ஜெபிக்க? எப்சிபா கண்டிப்பாள் என்று பயந்துகொண்டே நிமிர்ந்தார்.

அவள் தலையில் முக்காடு போட்டிருந்தாள். கைகள் கூப்பியிருந்தன. கண்கள் மூடியிருந்தன.

"ஆமென்," என்றாள்.