மூன்றால் வகுத்த நீச்சல்

தலைமையாசிரியர் அரங்கசாமிக்கு முழங்கால் வலி. நீந்தினால் தீரும் என்றார் டாக்டர். ஐம்பத்து நான்கு வயதில் அவர் செங்கோடனின் கிணற்றுக்கு வந்து சேர்ந்தார்.

செங்கோடன் அவரைவிடப் பத்து வயது இளையவர். அரங்கசாமி நடத்தும் அதே பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்து, பெயிலாகி வெளியே போனவர். அதை அவர் மறக்கவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் வந்தது அவர் கையால்தான். வராது என்று ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

முதல் நாள் அரங்கசாமி டைரியை எடுத்தார். "எத்தனை நாளில் வரும் வாத்தியாரே?"

"வந்த அன்னைக்குச் சொல்றேனுங்க."

பத்து நாள் என்று அவராகவே எழுதிக்கொண்டார்.

செங்கோடன் ஒரு காலி எண்ணெய்க் கேனை அவர் முதுகில் கட்ட வந்தார். "அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்று சொல்லிவிட்டு அரங்கசாமி குதித்தார். கல் மாதிரி உள்ளே போனார். செங்கோடன் பாய்ந்து, முடியைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். அதற்குப் பிறகு கேனுக்கு மறுப்பு இல்லை.

பத்தாம் நாள் அரங்கசாமி துண்டை மடித்துப் பையில் வைத்தார். "நாள் முடிந்தது. எனக்கு வரவில்லை. விட்டுவிடலாம்."

"கிணறு எங்கியும் போகலீங்களே ஐயா. நாளைக்கு வாங்க."

இருபதாம் நாளும் முதுகில் கேனோடு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தார். நாற்பத்தோராம் நாள் காலையில் செங்கோடன் கேனை அவிழ்த்துப் படியில் வைத்தார். அரங்கசாமி எதிர்ச் சுவரில் இருந்த மோட்டார்க் குழாயைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"இன்னைக்கு வந்திருச்சுங்க" என்றார் செங்கோடன்.

படியில் உட்கார்ந்து அரங்கசாமி மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது.

"பத்து மணிக்குத் தேர்ச்சிப் பட்டியலில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் வாத்தியாரே. ஒன்பதாம் வகுப்பில் ஜீவிதா என்று ஒரு பெண். கணக்கில் பெயில்."

"எவ்வளவு வாங்குச்சு?"

"முதல் பரீட்சையில் எட்டு. அடுத்ததில் இருபது. கடைசியில் எழுபத்தொன்று."

"பாத்து எழுதிருச்சோ?"

"நானே எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கணக்கும் அவள் போட்டதுதான்."

"அப்ப கணக்கு வந்திருச்சு."

"வந்துவிட்டது. ஆனால் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் முப்பத்து மூன்று. முப்பத்தைந்து வேண்டும். பெயில் என்றால் அவள் அப்பன் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவான். இப்போதே பேசி வைத்திருக்கிறான்."

"ஏனுங்க, முதல்ல வாங்குன எட்டை இன்னும் எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"அதுதான் சராசரி" என்றார் அரங்கசாமி. படித்தவர் அல்லவா, சராசரி என்றால் என்ன, அது ஏன் எல்லோருக்கும் பொது என்று விரல் மடக்கி நிதானமாக விளக்கினார்.

செங்கோடன் கடைசிவரை கேட்டார். பிறகு கேனை எடுத்து வந்து, அரங்கசாமியின் முதுகில் வைத்துக் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்.

"என்ன இது? இப்போதுதானே போய் வந்தேன்?"

"போய் வந்தீங்க. முத நாள் முங்குனீங்க. இருபதாம் நாள் சுவத்தை விடலை. மூணையும் கூட்டி வகுத்துப் பாத்தேனுங்க. நடுக்கிணறு தாண்ட மாட்டீங்க."

அரங்கசாமி சிரித்தார். செங்கோடன் சிரிக்கவில்லை. முடிச்சை இழுத்து இறுக்கினார்.

அரங்கசாமி எதிர்ச் சுவரைப் பார்த்தார். மோட்டார்க் குழாய் பத்துக் கை வீச்சில் இருந்தது.

"நிர்வாகம் போட்ட விதி வாத்தியாரே" என்றார் மெதுவாக. "நான் போட்டதில்லை."

"கயிறும் நான் திரிச்சதில்லீங்க ஐயா. முடிச்சு மட்டுந்தான் நான் போட்டது."

அரங்கசாமி கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சைத் தேடினார். இறுக்கமாகத்தான் இருந்தது. கைக்கு எட்டியது.