கால் கழுவத் தண்ணீர் வார்த்தவர்

ஆற்றுமுனைக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் கால் கழுவத் தண்ணீர் வார்ப்பதுதான் சீனித்தங்கம் அம்மையாரின் தொண்டு. விடியுமுன் கிணற்றில் இறைத்து வாசல் தொட்டியை நிரப்புவார். வந்தவர் காலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, "தாயே, உன்ர பிள்ளை வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துச் சொல்லுவார். கூலி கிடையாது. கோயிற் சோற்றில் ஒரு பிடி கிடைக்கும், அவ்வளவுதான்.

சண்டை வலுத்த ஆண்டில் சுற்றுக் கிராமங்கள் பெயர்ந்து வந்து அந்தக் கோயிலில் அடைந்தன. பின்னாலேயே இருமலும் மூச்சுமுட்டலுமாக ஒரு கொள்ளைக் காய்ச்சலும் வந்தது. பாதை மூடப்படுவதற்கு முன் ஒருமுறை வந்த மருத்துவிச்சி, "கையச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்க. மூக்கையும் வாயையும் மூடுங்க. காய்ச்சல் எண்டா ரெண்டு பாய் தள்ளி இருங்க" என்று சொல்லிப் போனார். எல்லாரும் தலையாட்டினார்கள், மறுநாளே மறந்தார்கள். அம்மையார் மட்டும் அதை அம்மனே ஆளனுப்பிச் சொன்ன வாக்காக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து காலுக்கு ஒரு செம்பு, கைக்குச் சவுக்காரத்தோடு இன்னொரு செம்பு. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வாசலை மறித்து நின்றார்.

ஊர்வாய் சும்மா இருக்குமா? "அம்மாள்ட வாசல்லயும் நோய் தொத்துமா? இவக்கு அம்மாள்ல நம்பிக்கை இல்ல" என்று பூசை செய்யும் சிந்தாத்துரைக் கட்டாடியாரே எல்லார் முன்னாலும் சொன்னார். அது அம்மையாருக்குச் சுருக்கென்று தைத்தது.

"நம்பிக்கை இருக்கிறதாலதான் ஐயா வாசலக் காக்கிறன்" என்று சொல்லி, அவர் கையிலும் தண்ணீரை வார்த்தார்.

ஒரு மாலை அவருக்கே உடம்பு கொதித்தது. அம்மை கண்ட வீட்டின் முன்னால் வேப்பிலை கட்டினால் வேற்றாள் நுழைவதில்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அம்மையார் ஒருவரிடமும் சொல்லாமல் விறகுக் கொட்டிலுக்குப் போய், முன்னால் ஒரு கொத்து வேப்பிலையைக் கட்டிவிட்டு உள்ளே குந்தினார். சற்று நேரத்தில் எறிகணைகள் விழத் தொடங்கின. சனமெல்லாம் கல் மண்டபத்துக்குள் ஓடியது. வெளியே இருந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. உள்ளே போனால், நெருக்கியடித்துக் கிடக்கும் கைக்குழந்தைகளுக்கும் காய்ச்சல் தொற்றும்.

கட்டாடியார் மண்டப வாசலில் நின்று கத்தினார். "என்னகா அங்க செய்றாய்? உள்ளுக்கு வா, செத்துப்போவாய்."

"எனக்குக் காய்ச்சல் ஐயா. கதவச் சாத்துங்க."

"செல் விழுது. காய்ச்சல் பாக்கிற நேரமா இது?"

"உள்ள பச்சப் புள்ளைகள் இருக்கு. சாத்துங்க."

கட்டாடியார் கதவைச் சாத்தினார்.

அம்மையாருக்குப் பயமாகத்தான் இருந்தது. அடியாருக்குப் பயமே இராது என்று சொல்பவர்கள் எறிகணைச் சத்தம் கேட்டறியாதவர்கள். "தாயே, தனிய இருக்கப் பயமாக் கிடக்கு" என்று வாய்விட்டு அழுதார்.

அப்போது புகை நடுவே ஒரு பெண் வந்தாள். கிட்ட வரவில்லை. இரண்டு பாய் தள்ளிக் கரித்தூள் மண்ணில் குந்தினாள். பட்டுத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள்.

"ஆரு புள்ள நீ? மண்டபத்துக்கு ஓடு."

"நானும் இந்த வாசல் காக்கிறவதான். நீ கண்ண மூடு, நான் இரிக்கன்" என்றாள் அவள். அந்தக் குரலைக் கேட்டதும் அம்மையாருக்கு நடுக்கம் நின்றது. அப்படியே கண்ணயர்ந்தார்.

விடிந்தபோது கொட்டிலைச் சுற்றி நிலமெல்லாம் குழி. கொட்டிலில் ஓர் ஓலைகூடக் கலையவில்லை. அம்மையாரின் உடம்புச் சூடும் தணிந்திருந்தது. மண்டபத்திலிருந்த குழந்தைகள் பசித்து அழுதன, ஒன்றுகூட இருமவில்லை.

கட்டாடியார் கருவறையைத் திறந்தார். அம்மனின் பட்டுத் தலைப்பு வாயை மூடியிருந்தது. பாதங்களில் விறகுக் கொட்டிலின் கரித்தூள் மண் ஒட்டியிருந்தது. அவர் வெளியே வந்து, தொட்டித் தண்ணீரில் சவுக்காரம் போட்டுக் கை கழுவினார். துண்டால் வாயை மூடிக்கொண்டு, கொட்டிலுக்கு இரண்டு பாய் தள்ளி மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

"அம்மா, அம்மாள்ட காலில மண் கிடக்கு. நீங்க சுகமாகி வந்துதான் கழுவ வேணும். அதுவரைக்கும் நான் தொடமாட்டன். வாசலை நான் பாக்கிறன்" என்று அழுதார்.

ஊரார் காலையெல்லாம் கழுவிய கைக்கு, கடைசியில் தாயின் காலும் கிடைத்தது. அந்த அம்மையாரை நாமும் இரண்டு பாய் தள்ளி நின்றே வணங்குவோம். அதுதான் அவருக்குப் பிடிக்கும்.