விட்டுவிட்டுக் குடித்த மரநாய்

செம்மணல் மேடான தேரிக்காட்டுப் பனைகளில் மூக்கன் என்றொரு மரநாய் இருந்தது. கள் இறக்கக் கட்டிய கலயம் எதுவும் அதன் வாய்க்குத் தப்பியதில்லை. குடிக்காத நேரத்தில் பெருமை பேசும்.

"நான் குடியை ஆறு தடவை விட்டவனாக்கும்! இந்தக் காட்டுல வேற எவன் விட்டிருக்கான்?"

பக்கத்துப் பனையில் குடியிருந்த பேச்சி என்ற அணில் சிரித்தது. "மத்தவங்க குடிக்கவே இல்லையே அண்ணே!"

முதல் தடவை விட்டபோது மூக்கனுக்கு வால் மட்டும் லேசாக நடுங்கியது. ஒரே வாரத்தில் சரியானது. 'இவ்வளவுதானா!' என்ற சந்தோஷத்தில் ஒரு கலயத்தைக் காலி செய்தது. மூன்றாம் தடவை விட்டபோது நாலு காலும் உதறின. ஐந்தாம் தடவை நுங்குகளெல்லாம் மூன்று கண்ணையும் உருட்டி முறைத்தன. மூக்கன் ஒவ்வொரு குலையிடமும் போய் மன்னிப்புக் கேட்டது. ஆறாம் தடவை தன் வாலையே பாம்பென்று கடித்துவிட்டு, "ஐயோ, பாம்பு கடிச்சிருச்சே!" என்று அலறியது.

அதற்குப் பிறகும் குடித்தது. ஒரு நாள் காலையில், "ஏழாவது தடவையா விடப்போறேன்!" என்று அறிவித்தது.

பேச்சிக்குப் பயம் வந்துவிட்டது. "தனியா விடாதீங்கண்ணே! உசுருக்கே ஆபத்து. கீரி வைத்தியர்கிட்ட போவோம்."

"போ பிள்ளே! பழகப் பழக லேசாத்தானே ஆகும்?"

"உங்க மூளை நடுங்கத்தானே பழகியிருக்கு!"

மூக்கன் கேட்கவில்லை. மறுநாள் மதியம் பனை உச்சியில் உட்கார்ந்து காக்கைகளிடம் வீரம் பேசியபோது, அதன் உடம்பு வெட்டி இழுத்தது.

"அண்ணே, மட்டையைப் பிடிங்க!"

"விட்டுட்டேன் பேச்சி!"

"குடியை விடச் சொன்னா மட்டையை விட்டுட்டீங்களே!"

நல்லவேளை, கீழே காய்ந்த ஓலைக் குவியல் கிடந்தது. இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கீரி வைத்தியர் ஓடிவந்து மருந்து கொடுத்தார். நடுக்கம் அடங்கும்வரை ஐந்து நாள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. போகும்போது சொன்னார்: "மறுபடி தொட்டா, அடுத்த தடவை இதைவிட மோசமா இழுக்கும். அப்போ கீழே ஓலை கிடக்கும்னு நினைக்காதே!"

அதன்பின் மூக்கன் கலயத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வருஷம் ஒன்று கழிந்தது.

"குடியை எத்தனை தடவை விட்டீங்க?" என்று ஒரு காக்கை கேட்டது.

"ஒரே தடவை!"

"ஏழுன்னு கேள்விப்பட்டேனே?"

"அந்த ஆறும் இடைவேளை தம்பி!"

விட்டுவிட்டுக் குடிப்பவரின் மூளை ஒவ்வொரு தடவை விடும்போதும் முன்னைவிடக் கடுமையாகத் துடிக்கும் என்பதால், குடியை வைத்தியர் துணையோடு விட வேண்டும், விட்டதைத் திரும்பத் தொடவே கூடாது.