கொட்டகைச் சாவி

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது, குருவுக்கு முப்பத்தைந்து. நாச்சிமுத்துவுக்குக் காளான் வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர் கனகமணிதான். விதையும் அவரே தயாரித்துத் தருவார்.

அன்று காலையில் நாச்சிமுத்து காலிப் பையோடு வந்து நின்றார்.

"அம்மணி, விதை வேணுங்க. ஐப்பசிக் கல்யாணத்துக்குக் காளான் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். தவறினா இனி ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க."

"முகத்துல என்னண்ணா இவ்வளவு சந்தோசம்?"

கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்தார்.

"எல்லாம் என் பங்காளி குழந்தைவேலு சங்கதிதானுங்க. காளான் பறிச்சு மிஞ்சின வைக்கோலை எங்க ரெண்டு பேர் காட்டுக்கும் நடுவுல இருக்கற வேலியோரம் போடுவேன். அவன் அள்ளிட்டுப் போய் மக்க வெச்சு எருவாக்கிட்டான். போன வருசம் அவன் காடு பச்சைப் பசேல்னு நின்னுது. ஊரே அவனைப் பாராட்டுது. என்ற குப்பையில அவனுக்குப் பேரு!"

நாச்சிமுத்துவின் பொறாமை லேசுப்பட்டதல்ல. பங்காளி வீட்டு மாடு கன்று போட்டால்கூட அவருக்கு அன்று சோறு இறங்காது. இருவருக்கும் பேச்சு நின்று பத்து வருடம் ஆகிறது.

"அப்புறம்?"

"சித்திரையிலிருந்து ஒரு துரும்பு வெளியே போகலைங்க. பூராத்தையும் மாட்டுக் கொட்டகையில போட்டுப் பூட்டிட்டேன்." இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தட்டிக் காட்டினார். "இப்ப அவன் காட்டுல ஒரு கதிர் உருப்படியில்லை. எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்குது."

கனகமணி அலமாரியைத் திறந்தார். விதைப் பை ஒன்றுகூட இல்லை.

"என்னங்கம்மணி இது?"

"சோளம் கிடைக்கலைண்ணா. சோளமில்லாம விதை எதுல வளரும்?"

"சந்தையில மூட்டை மூட்டையாக் கிடக்குதே?"

"அதெல்லாம் மருந்தடிச்ச சோளம். காளான் அதுல பிடிக்காது. மருந்தில்லாத சோளத்தை ஒருத்தர்கிட்டத்தான் ஆறு வருசமா வாங்கறேன். இந்த வருசம் அவருக்கு விளைச்சலே இல்லை. எருக் கிடைக்கலையாம்."

நாச்சிமுத்து பதறிப்போனார். கல்யாண வீட்டுக்காரர் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"ஆருங்க அது? சொல்லுங்க. காலைப் பிடிச்சாவது ரெண்டு படி வாங்கிட்டு வர்றேன்."

கனகமணி அலமாரியைச் சாத்தினார்.

"போங்கண்ணா, உங்க பக்கத்துக் காடுதான். போறப்ப அந்தச் சாவியையும் எடுத்துட்டுப் போங்க."