கரையாத தோலும் செவத்தியின் கையும்

விடியற்காலையில் வந்த இறாலை உரித்துக்கொண்டிருக்கிறேன். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். கூடை குறைகிற மாதிரி தெரியவில்லை. விரலெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கி, என்னுடைய கை மாதிரியே இல்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மகள் ஜெனோவா கேட்கிறாள்: "உப்பு தண்ணியில கரையுது. சீனி கரையுது. ஒன் கை மட்டும் ஏம்மா கரையல?"

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விரலுக்குக் கட்டுப் போட்டபோது ஆஸ்பத்திரி நர்ஸக்கா சொன்னது பாதி, உரித்துக்கொண்டே நானாகக் கோத்தது பாதி. அதைத்தான் இவளுக்குச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில், உடம்பு என்று ஒன்று யாருக்குமே இல்லாதபோது, கடலில் பொடி உயிர்கள் தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தன. நர்ஸக்கா அதைச் செல் என்பார். ஒவ்வொன்றும் ஒரு வீடு. சுவர் என்றால் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். வீடு சப்பிப் போகாமலிருக்க உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டியிருக்கும். அப்போது அவை பேசும், திட்டும், அழும்.

அதில் ஒருத்தி செவத்தி. வளர்ந்து வயிறு நிறைந்தால் அவள் உடம்பு இரண்டாகப் பிரியும். ஒன்று தாய், ஒன்று மகள். மகள் பிறந்த கொஞ்ச நேரத்தில் அலை வரும், கொண்டுபோய்விடும். மறுபடி வளர்வாள், மறுபடி பிரிவாள், மறுபடி அலை வரும். எத்தனை பெற்றாள் என்பதே மறந்துபோயிற்று. அழவும் அலுத்துவிட்டது.

கடைசியாகப் பிறந்தவள் பொடிச்சி. பிரிந்த இடத்தில் ஒரு நூலளவு கோழையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில் கடல் பெரிதாக மூச்சு வாங்கியது. பெரிய அலை ஒன்று வரப்போகிறது.

"இவளயும் குடுத்திட்டா இனி என்னால பெற முடியாது" என்றாள் செவத்தி.

பக்கத்தில் உருண்டுகொண்டிருந்த வழுக்கி சிரித்தாள். "ஏளா, போறது போகட்டும் விடு. என்னயப் பாரு, பிள்ள உண்டா குட்டி உண்டா? அல கூப்பிட்ட எடத்துக்குப் போறேன்."

"ஒனக்கென்னளா, நீ வழுக்கி."

செவத்தி ஒரு கை செய்தாள். அதைத் தன் சுவரின் வெளிப்பக்கத்தில் ஒட்டி, பொடிச்சியைப் பிடித்தாள். சின்ன அலைதான் வந்தது. கை சுவரோடு பிய்ந்து வந்துவிட்டது. கிழிந்த இடத்தை அவசரமாக மூடிக்கொண்டு யோசித்தாள். எண்ணெய்ப் படலத்தில் ஒட்டினால் எது நிற்கும்? கை நிற்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற கயிற்றில் அல்லவா கட்ட வேண்டும்!

"உள்ளயிருந்து சுவரத் தொளைக்கப் போறேன்" என்றாள்.

வழுக்கி உருளுவதை நிறுத்தினாள். "ஏளா, கிறுக்குப் பிடிச்சிருக்கா? கடலு உள்ள ஏறிரும். வெடிச்சுச் செத்துப்போவ."

"செத்தா ஒறங்கலாம்ல" என்றாள் செவத்தி.

சொல்லிவிட்டு, புதிதாகச் செய்த கையை உள்ளிருந்து சுவர் வழியாக வெளியே குத்தினாள். வலித்தது. கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஏறும் என்று காத்திருந்தாள். ஏறவில்லை. எண்ணெய்ப் படலம் கையைச் சுற்றிப் பதமாக மூடிக்கொண்டது. கையின் அடியை உள்கயிற்றோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். இனி கையை இழுத்தால் வீடே சேர்ந்து இழுபடும்.

ஆனால் வெளியே நீட்டிய கை ஈரத்துணி மாதிரி தொங்கியது. மணி மணியாகக் கோத்த கை அது. மணிக்கு மணி இடையில் மடங்கி மடங்கி விழுந்தது. பொடிச்சி வரைக்கும் எட்டவே இல்லை.

அந்த நேரம் பார்த்து, உடைந்த சிப்பிகளிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு அந்தப் பக்கமாக மிதந்து வந்தது. அதுவும் களைத்துப்போயிருந்தது.

"யம்மா, செத்த நேரம் ஒக்கார எடம் இருக்கா? அலஞ்சு அலஞ்சு முடியல."

"இந்த மணிகளுக்கு நடுவுல இடைவெளி இருக்கு, அண்ணாச்சி. ஒக்காந்துக்கிடுங்க. எங்கிட்ட வேற எடம் இல்ல."

சுண்ணாம்பு ஒவ்வொரு இடைவெளியிலும் போய் உட்கார்ந்தது. உட்கார உட்காரக் கை விறைத்து, கொஞ்சம் வளைந்து, நேராக நீண்டது. செவத்திக்கே ஆச்சரியம்.

"ஒண்ணு சொல்லிப்புடுதேன்" என்றது சுண்ணாம்பு. "நான் இருக்கிற வரைக்குந்தான் இந்த விறைப்பு. நான் எந்திரிச்சுப் போனா கை மறுபடி தொங்கிரும். சுண்ணாம்புச் சத்து கொறையாமப் பாத்துக்க."

செவத்தியிடமிருந்து பிரிந்தவள் என்பதால் பொடிச்சிக்கும் அதே மாதிரி கை முளைத்திருந்தது. அம்மாவைப் பார்த்து அவளும் சுவரைத் துளைத்துக் கையை நீட்டினாள். இரண்டு கைநுனியும் தொட்டன. இவள் நுனி அவள் குழியில், அவள் நுனி இவள் குழியில் போய் உட்கார்ந்தது.

பெரிய அலை வந்தது.

ஒரு கை வழுகியது. செவத்தி இன்னொரு கையைச் செய்து நீட்டினாள், அது பற்றுவதற்குள் மற்றொன்று. "கைய நீட்டு பொடிச்சி! இன்னும் நீட்டு!" தனியாக ஒரு கைக்குப் பெரிய பலம் இல்லை. வரிசையாகப் பற்றிய பிறகுதான் பிடி நின்றது. கயிறெல்லாம் முறுகியது. வீடு நீண்டு கோணியது. கிழியவில்லை.

அலையில் வழுக்கி உருண்டு போனாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "ஏளா, என்னயும் பிடி!"

செவத்தி மிச்சமிருந்த ஒரு கையை நீட்டினாள். நுனி வழுக்கியைத் தொட்டது. ஆனால் அங்கே பற்றிக்கொள்ள அதே மாதிரி கை இல்லை. செவத்தியின் கைக்குத் தன் இனத்துக் கையைத்தான் தெரியும்.

"பிடிக்க முடியலளா!" என்று கத்தினாள்.

"சரி விடு. பிள்ளயப் பாரு" என்று சொன்ன வழுக்கி தூரத்தில் மறைந்தாள். அவளைப் போலக் கையில்லாத செல்கள்தான் இன்றைக்கும் யாரையும் பிடிக்காமல் நம் இரத்தத்தில் தனியாகச் சுற்றி வருகின்றன.

அலை அடங்கியபோது பொடிச்சி இருந்தாள். செவத்தி பக்கத்தில், கையோடு கையாக. பிறகு பொடிச்சி பிரிந்தாள், அவள் மகள் பிரிந்தாள். பிறந்தவர்களெல்லாம் பக்கத்துக் கையைப் பிடித்தார்கள். பாய் மாதிரி விரிந்தது. அதுதான் முதல் தோல்.

செவத்திக்கு அதற்கப்புறம் நகர முடியவில்லை. எல்லாப் பக்கமும் கை. சில நேரம், அலை தூரத்தில் சத்தம் போடும்போது, வழுக்கி இப்போது எங்கே சுற்றுகிறாளோ என்று நினைப்பாள். நினைத்துவிட்டு, பிடித்திருக்கிற கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்வாள்.

அன்று முதல்தான் தோல் தண்ணீரில் ஊறினாலும் கரைவதில்லை. அன்று முதல்தான், எங்காவது கிழிந்தால் இரண்டு ஓரத்துச் செல்களும் மெல்ல நகர்ந்து நகர்ந்து வந்து, தன் இனத்துக் கை தட்டுப்பட்ட பிறகே நிற்கின்றன. நின்றால் பிடிதான், அப்புறம் விடுவதே... அத்தை கூப்பிடுகிறார்கள், ஐஸ் வண்டி வந்துவிட்டதாம். எழுந்திருக்கலாமென்றால் இவள் கதை கேட்டபடியே தூங்கிவிட்டாள், முந்தானை கைக்குள்ளேயே இருக்கிறது, முதலில் இந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க...