புதுக் கதவுகளைப் பழசாக்கியவர்

புது மரத்துக்கு வயதேற்றித் தருவது பிலோமினாவின் தொழில். கடற்கரைப் பக்கத்து விடுதிகள் நேற்றுச் செய்த மேசைக்கும் நூறு வயது கேட்டன. முத்தியால்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் அவள் அதைக் கொடுத்துவந்தாள்.

அவளிடம் வேலை கற்க வந்தவர்களில் தணிகாசலம்தான் மூத்தவர். அவளுடைய அப்பா வயது. வாசலில் நின்று செருப்பைக் கழற்றப் போனார்.

“கழட்டாதீங்க ஐயா, கீழே ஆணி கிடக்கும். விடுதி ஏதாவது வைக்கப் போறீங்களா?”

“இல்ல டீச்சர். என் வீட்டு அடுக்களைக்கு.”

“டீச்சரா? நான் மரத்துக்கு வயசேத்துறேன், நீங்க எனக்கே ஏத்துறீங்களே.”

“கத்துக்கொடுக்கிறவங்க டீச்சர்தானே.”

அவர் மனைவி வேதநாயகி அந்த வருடம்தான் இறந்திருந்தாள். கரையான் அரித்த அடுக்களை அலமாரிகளை மகன் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுத் தேக்கில் செய்து மாட்டினான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். பிறகு பிரான்சுக்குத் திரும்பிவிட்டான். சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வந்தது. தணிகாசலம் கூடத்திலேயே இருந்தார்.

“உள்ள போனா யாரோ வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு டீச்சர். அவ அங்க இருந்ததுக்கே அடையாளம் இல்ல. பழையபடி ஆக்கணும்.”

பிலோமினா ஒரு உப்புத்தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் ஊறவைத்து அந்த நீரால் மரத்தைக் கறுக்கச் செய்வது, வண்ணம் பூசிப் பாதியை அழிப்பது, மேடுபள்ளத்தை இழைப்புளியால் சீவிச் சமமாக்குவது, பூச்சி அரித்ததுபோலத் துளை போடுவது, மெழுகு ஏற்றுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கற்றுக்கொண்டார். ஆனால் பலகை முழுக்க ஒரே சீராகத் தேய்த்து வைத்தார்.

“என்ன ஐயா, பிள்ளைக்கு முதுகு தேச்சுவிட்ட மாதிரி இருக்கு?”

“ஒரு இடம் விடாம வரணும்னு பாத்தேன்.”

அவள் அவரைக் கொட்டகையின் மரக்கதவுக்குக் கூட்டிப்போனாள். கதவு முழுக்க வெளுத்திருந்தது. தாழ்ப்பாளுக்குக் கீழே உள்ளங்கை அளவு இடம் மட்டும் கறுத்து வழவழவென்று இருந்தது.

“வெயில் எல்லா இடத்திலயும் படும் ஐயா. கை ஒரே இடத்திலதான் படும்.”

அவர் அந்த இடத்தைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

“வீட்டுக் கதவுல கைவைக்கிறதுக்கு முன்னாடி, வேண்டாத மரம் ஏதாவது கிடந்தா அதில பழகிக்குங்க” என்றாள்.

மழைக்காலம் முழுவதும் அவரைக் காணவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் வந்து அவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார்.

கூடத்தில் ஒரு நாற்காலி அடுக்களையைப் பார்த்தபடி கிடந்தது. அதைத் தாண்டி உள்ளே போனார்கள்.

அலமாரிக் கதவுகள் நெடியவை. கைப்பிடி கிடையாது, ஓரத்தைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். அந்த ஓரங்களில் வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. விரல் படும் இடம் எண்ணெய் ஏறியதுபோலக் கறுத்திருந்தது.

பிலோமினா வெகுநேரம் பார்த்தாள்.

“என்கிட்ட வேலைக்கு வந்துடுங்க ஐயா. யாரும் இதைப் புதுசுன்னு சொல்ல மாட்டாங்க.”

“யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா எனக்கு இன்னும் யாரோ வீடு மாதிரித்தான் இருக்கு. ஏன் டீச்சர்?”

அவள் ஒரு கதவின் முன்னால் போய் நின்று, எதையோ எடுக்க வந்தவள்போலக் கையை நீட்டினாள். அவள் கை, தேய்ந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே பட்டது.

“உங்க வீட்டம்மா நல்ல உயரமோ?”

“இல்லையே.” அவர் தன் மார்பருகே கையை வைத்துக் காட்டினார். “இவ்வளவுதான் இருப்பா.”

காட்டிய கை அப்படியே நின்றது. அவர் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கறுத்த இடமெல்லாம் அவருடைய தோள் உயரத்தில் இருந்தது.

“எந்தக் கதவை அதிகம் திறப்பாங்க?”

“தெரியல.”

“எடுக்கிறது வைக்கிறதெல்லாம் இடது கையா, வலது கையா?”

“பரிமாறுறது வலது கை.”

“மத்த வேலைக்கு?”

தணிகாசலம் அடுக்களை வாசல் வழியே கூடத்து நாற்காலியைப் பார்த்தார்.

“எனக்கு வேண்டியதெல்லாம் கூடத்துக்கு வந்துடும் டீச்சர்.”

பிலோமினா அண்ணாந்து மேல் தட்டைப் பார்த்தாள்.

“பழைய அலமாரியும் இதே உயரந்தானா?”

“அதே அளவுக்குத்தான் மகன் செய்யச் சொன்னான்.”

“அப்ப மேல் தட்டு அவங்களுக்கு எப்படி எட்டிச்சு?”

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு குனிந்து, சிங்குக்கு அடியிலிருந்து ஒரு குட்டி ஸ்டூலை மெதுவாக இழுத்தார். நீல வண்ணம். நாலு மூலையும் தேய்ந்து, பூச்சி அரித்த துளைகளோடு, எந்தக் காலத்து ஸ்டூலோ என்று இருந்தது.

“இதில ஏறியிருப்பா” என்றார். அப்போதுதான் தெரிந்துகொண்டவர்போலச் சொன்னார்.

பிலோமினா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். துளைகளை விரலால் தடவினாள்.

“இது உங்க வேலை.”

“ஆமா. நீங்கதானே வேண்டாத மரத்தில பழகச் சொன்னீங்க. எதுக்குன்னே தெரியாம மூலையில கிடந்தது. மேல ஒரு பக்கம் பள்ளமா இருந்துச்சு. இழைச்சுச் சமமாக்கிட்டுத்தான்…”

அவர் பார்வை மேல் தட்டுக்குப் போய் ஸ்டூலுக்குத் திரும்பியது.

வெளியே மெஸ் பையன் சைக்கிள் மணியடித்தான். கேரியரைப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

தணிகாசலம் ஸ்டூலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மேல் பலகையில் உள்ளங்கையை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெல்ல நகர்த்தினார். கை எங்கேயும் இறங்கவில்லை. மறுபடி நகர்த்தினார்.

“வேண்டாத மரம்னு நான் சொல்லியிருக்கக் கூடாது ஐயா” என்றாள் பிலோமினா.



“அவ கால் பட்ட அந்தப் பள்ளத்தை மறுபடி கொண்டுவர முடியுமா டீச்சர்?”

“முடியும்.”

“சொல்லிக்கொடுங்க. எவ்வளவு நாள் ஆனாலும் சரி.”

“அது பெரிய வேலை இல்ல ஐயா.” அவள் குரல் தாழ்ந்திருந்தது. “எந்தப் பக்கம் இருந்துச்சு?”

அவர் ஸ்டூலை அலமாரிக்கு முன்னால், தரையில் வைத்தார். சற்றுநேரம் பார்த்தார். திருப்பி வைத்தார். மறுபடியும் திருப்பினார்.