சுண்ணாம்புக்கோட்டு வீடு

பூரணி அம்மாளிடம் கேள்வியோடு வருகிறவர்களுக்குப் பதில் எந்தப் பக்கமாக வரும் என்று தெரியாது. சிலருக்கு அன்றே கிடைத்துவிடும். சிலருக்கு, சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கிடைத்ததே தெரியும்.

கண்மாய்க்கரையில் இருந்தது அவருடைய மடம். மடம் என்றால் ஓடு வேய்ந்த ஒரு கூடமும் அடுப்படியும்தான். பின்னால் அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல்.

ஆவுடையப்பன் வாசலில் செருப்பைக் கழற்றியும் உள்ளே வராமல் நின்றார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் அம்மாவுக்கு மூத்தவர். ஆனாலும் மனைவி இறந்த வருஷம் முதன்முதலாக இங்கே வந்து உட்கார்ந்த நாளிலிருந்து, அவருக்கு இவர் சீடர்.

“என்ன ஸ்டேஷன் மாஸ்டரே, வண்டி அவுட்டர் சிக்னல்லயே நிக்குது?”

“மகளையும் கூட்டி வந்திருக்கேம்மா.”

“வரட்டும். வா தாயி.”

நாச்சியார் வந்து கும்பிட்டாள். கூடத்துக்குள் உட்காராமல் பின்வாசல் படிக்குப் போய், வயலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

நாலு மாதத்துக்கு முன்பு புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்தவள் அவள். ஏன் வந்தாய் என்று அப்பாவும் கேட்டார், உறவும் கேட்டது. “சும்மாதான்” என்றாள். அதற்குப் பிறகு கேட்டால் ஒரு சொல், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. இரவில் அவள் அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆவுடையப்பன் கதவு வரை போவார். என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிடுவார்.

அவர் அம்மாவின் முன் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“வீடு வாங்கணும்மா. ஆயுசு பூரா குவார்ட்டர்ஸ்லயே கழிஞ்சுபோச்சு. ரெண்டு இடம் பார்த்திருக்கேன். ரெண்டும் ஒரே விலை. ஒண்ணு டவுனுக்குள்ள, பெரிய வீடு. கீழ ஹால், சமையக்கட்டு, ரெண்டு ரூம். மாடியில தனியா ஒரு ரூம். ஆனா ஒரு செடி வைக்க மண்ணு கிடையாது. இன்னொண்ணு ஊருக்கு வெளிய. வீடு சின்னது, ஹாலும் ஒரு ரூமும்தான். சுத்தி இருபது சென்ட் தோட்டம். மா இருக்கு, கொய்யா இருக்கு, கிணறு இருக்கு.”

“சரி.”

“எதை வாங்கட்டும்? வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கணும்.”

“யாருக்கு வீடு?”

ஆவுடையப்பன் பின்வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார்.

“அவளுக்குத்தான். மாடி ரூம் இருந்தா அவ பாட்டுக்கு இருப்பா. வர்றவன் போறவன் கண்ணுல படவேண்டாம்.”

“அவ கண்ணுல அவங்களா, அவங்க கண்ணுல அவளா?”

இதே கேள்வியை ஆவுடையப்பனும் இரவில் தன்னைக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, புரண்டு படுத்திருக்கிறார்.

“தோட்டம்னா எதுக்கு?” என்றார் அம்மா.

“காத்தாட நடப்பா. மனசு ஆறும்.”

“ம்.” அம்மா எழுந்தார். “அந்தப் பெரிய வீட்டை இங்க கொண்டு வா, பாப்போம்.”

“வீட்டையா?”

“பிளான் வச்சிருப்பியே. உன் சட்டைப்பை துருத்திக்கிட்டு இருக்கே.”

மடத்துக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய சுண்ணாம்புத்தூள் அரை மூட்டை கிடந்தது. அம்மா அதை ஒரு இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டார். கிணற்றுக் கயிற்றையும் நாலு முளைக்குச்சிகளையும் ஆவுடையப்பன் தூக்கிக்கொண்டார். இருவரும் வயலில் இறங்கினார்கள்.

பிளானை விரித்து, பத்தடி, பன்னிரண்டடி என்று இவர் அளக்க அளக்க, அம்மா கயிற்றோரமாகச் சுண்ணாம்பு தூவிக்கொண்டே வந்தார். ஹால் விழுந்தது. சமையற்கட்டு விழுந்தது. ரெண்டு அறைகளும் விழுந்தன. வாசல் வருகிற இடங்களில் கோடு போடாமல் விட்டார்கள். வெயில் சாயும் நேரத்துக்கு ஒரு முழு வீடு வயல் நடுவில் வெள்ளையாகப் படுத்திருந்தது.

ஆவுடையப்பன் இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“என்னம்மா, இத்துணூண்டு இருக்கு? இதுதான் ஹாலா? இதுல சோபா போட்டா கால் நீட்ட இடமில்லயே. புரோக்கர் ஏமாத்திட்டானா?”

“அளவு சரிதானே?”

“பிளான்ல உள்ளபடிதான் அளந்தேன்.”

“அப்ப சரிதான். சுவர் எழும்பினா பெருசாத் தெரியும்.”

வீடு கட்டுகிற இடத்தில் எந்தக் கொத்தனாரும் சொல்கிற வார்த்தைதான் அது. ஆவுடையப்பனும் பல தடவை கேட்டிருக்கிறார். இன்று ஏனோ அது உள்ளே போய் எங்கோ இடித்தது.

“அப்போ தோட்டம்தான் பெருசுங்கறீங்களா?”

“வேலி கட்டினா அதுவும் பெருசாத் தெரியும்” என்றார் அம்மா. பிறகு படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “தாயி, உங்கப்பனுக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டு வா. வீடு கட்டிக் களைச்சுட்டான்.”

நாச்சியார் சொம்போடு வந்தாள். வயலில் நேராக நடந்து, ஹாலின் கோட்டைத் தாண்டக் கால் எடுத்தாள்.

“ஏ, ஏ! சுவத்தை மிதிக்காத! கோடு அழிஞ்சிடும். சுத்தி வாசல் வழியா வா.”

எடுத்த கால் அந்தரத்தில் நின்றது. சத்தம் போட்ட ஆவுடையப்பனுக்கே அடுத்த நொடியில் சிரிப்பு வந்தது. சுவராவது, வாசலாவது! ஆனால் நாச்சியார் சிரிக்கவில்லை. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். தலையைக் குனிந்தபடி, கோட்டை ஒட்டியே சுற்றி நடந்து, வாசல் என்று விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே வந்தாள். சொம்பை நீட்டினாள்.

அவ்வளவு பழகிய பணிவு. ஆவுடையப்பன் தண்ணீரை வாங்கினார். குடிக்கத் தோன்றவில்லை.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“பொண்ணுக்கு வீட்டைச் சுத்திக் காட்டு.”

அவர் காட்டினார். இது ஹால்மா. இது சமையக்கட்டு, இங்க ஜன்னல் வரும். இது சாமி மாடம். இது என் ரூம். சொல்லச் சொல்ல அவர் குரலில் தெம்பு ஏறியது. நாச்சியார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

“அவ ரூம் எங்க?” என்றார் அம்மா.

“அது மாடியில.”

“எங்க, காட்டு.”

“மாடியை எப்படிம்மா கோடு போடறது? அது மேல.” ஆவுடையப்பன் கையைத் தலைக்கு மேலே தூக்கினார். “ஹாலுக்கு நேர் மேல. அதோ, அங்க…”

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

முதலில் ஒரே ஒரு கொக்குதான் வந்தது. கண்மாய்க்குப் போகிற கொக்கு, அவர் கை காட்டிய இடத்தின் வழியாக, தாழ்வாக, அவசரமில்லாமல் போனது. அதன் பின்னால் ஒரு வரிசை. பிறகு நாரைகள். அதன் பிறகு வரிசை என்று சொல்ல முடியாதபடி மேற்கு முழுக்கத் திறந்துகொண்டது. பகலெல்லாம் எங்கெங்கோ வயல்களில் சிதறிக் கிடந்தவை அத்தனையும் ஒரே நேரத்தில் வீடு திரும்பின. ஒன்றுகூடக் கத்தவில்லை. இறக்கைகள் காற்றை விலக்குகிற ஓசை மட்டும் கேட்டது, பெரிய துணி ஒன்றை யாரோ நிறுத்தாமல் உதறுவது போல.

அடிவயிறுகளில் சாயங்கால வெளிச்சம் பட்டு, வெள்ளை பொன்னாகிப் பொன் செம்மையாகிக்கொண்டிருந்தது. அவர் மகளுக்கென்று நினைத்து வைத்திருந்த அறையின் வழியாக, கட்டில் போடலாம் என்றிருந்த இடத்தின் வழியாக, பீரோவின் வழியாக, அவை போய்க்கொண்டே இருந்தன.

ஆவுடையப்பன் தூக்கிய கையை இறக்க மறந்துவிட்டார். எத்தனை ஊர்களில், எத்தனை பிளாட்பாரங்களில், இதே பொழுதில் நின்றிருக்கிறார்! சிக்னல் விழுந்ததா என்பதைத் தவிர மேலே எதையும் பார்த்ததில்லை. இது தினமும் நடந்துகொண்டிருந்ததா? யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்? மயிர்க்கால்கள் சிலிர்த்தன. எங்கே நிற்கிறோம் என்பதே ஒரு கணம் பிடிபடவில்லை. ஹாலா, வயலா, இன்னும் பெரிய ஏதோ ஒன்றின் தரையா?

அம்மாவும் கைகூப்பி நின்றிருந்தார். இத்தனை வருஷமாகத் தினமும் பார்க்கிறவர்.

அப்போது நாச்சியார் பேசினாள். யாரும் கேட்காமலே. முகத்தை வானத்திலிருந்து எடுக்காமலே.

“அப்பா.”

“என்னம்மா?”

“மாடி ரூமுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்பா?”

ஆவுடையப்பனுக்கு விளங்கவில்லை. “இதென்னம்மா கேள்வி? எல்லா வீட்டுலயும்…”

“அங்க வெளிப்பக்கம் இருந்துச்சு.”

கடைசிப் பறவைகள் போய்க்கொண்டிருந்தன.

“அங்கயும் மாடி ரூம்தாம்ப்பா. அவர் வேலைக்குப் போறப்ப வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டுப் போவார். சாயங்காலம் வந்து திறப்பார். ஜன்னலுக்கு வெளிய பக்கத்து வீட்டுச் சுவரு.” அவள் குரலில் அழுகை இல்லை. தூரத்தில் இருக்கிற ஒன்றைப் பார்த்து வாசிப்பது போலச் சொன்னாள். “நல்ல பெரிய வீடும்மா, நாலு ரூமு, நீ ராணி மாதிரி இருக்கலாம்னு நீங்கதான் பார்த்துட்டு வந்து சொன்னீங்க.”

ஆவுடையப்பனின் கையிலிருந்து சொம்பு நழுவியது. தண்ணீர் ஹாலில் ஓடி, ஒரு சுவரைக் கரைத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போயிற்று.

நாச்சியார் இப்போது அவரைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

சொல்ல வேண்டியது மலை போல முன்னால் நிற்க, எங்கே பிடித்து ஏறுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பழகிய இடத்துக்கே ஓடினார். அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“அம்மா… வெள்ளிக்கிழமை… நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலயே.”

அம்மா கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டி உதறினார்.

“உம் மக கேட்டதுக்கு நீ இன்னும் ஒண்ணும் சொல்லலயேப்பா.”